டோரீனுக்கு விடியும் நேரம்

எனக்குச் சட்டென்று கோபம் வராது. பதினொரு வருஷமாக என்னோடு எஷிக்கில் வேலை செய்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். மடல் குழுவில் மேலிஸ் என்று என் பெயரைப் போட்டுத் தேடினால் நாலாயிரத்துச் சொச்சம் கடிதங்கள் வரும். ஒன்றில்கூட ஒரு கடுஞ்சொல் கிடைக்காது. நடத்தைக் குழுவிலுள்ள நீங்கள் மூவரும், 'நடந்ததை உங்கள் வார்த்தையில், எதையும் மறைக்காமல் எழுதுங்கள்' என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதம் மரியாதையாக இருந்தது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இது ஜிபெக் அண்ணி கைக்கும் போகும் என்று சொன்னீர்கள். அவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுக்கிறவர். கணவர் எர்மெக் அண்ணன் இருபது வருஷம் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பது அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவருக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அவர் தன் மென்பொருளுக்குக் கதவு என்று பொருள்படும்படி எஷிக் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. அது ஒரு வலைவாசல். ஆயிரம் பேர் வேலை செய்கிற அலுவலகத்தில் காலையில் கணினியைத் திறந்தால், சுற்றறிக்கை, விடுப்பு விண்ணப்பம், யாருக்கு எந்த நேரம் வேலை என்ற பட்டியல், தொலைபேசி எண்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். பெரிய கம்பெனிகள் இதை நல்ல விலைக்கு விற்கின்றன. நாங்கள் சும்மா கொடுத்தோம். நிரல் முழுவதும் திறந்தே கிடக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தைப் படித்துச் சேர்ப்பதும், புதிய பதிப்புக்கு முத்திரை வைத்து வெளியிடுவதும் மட்டும் சாவி வைத்திருப்பவர் வேலை. சாவி என்றால் இரும்புச் சாவி இல்லை, அண்ணி. நீளமான ரகசிய எண். அது ஒன்றே ஒன்றுதான், எர்மெக் அண்ணனிடம் இருந்தது.

ஒரு காலத்தில் ஒன்பது நாடுகளிலிருந்து நாற்பது பேர் எழுதினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பிள்ளை பிறந்தது, வேலை மாறியது, சலித்துப்போனது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கள் ஊரான பிஷ்கெக்கில் மிஞ்சினோம், அவரும் நானும். இப்போது உங்கள் மூவரில் ஒருத்தியான சாய்கால் கையேடுகளை மொழிபெயர்த்துத் தந்துகொண்டிருந்தாள். ஆனால் அவள் நிரலில் கை வைக்கமாட்டாள்.

எர்மெக் அண்ணன் மத்தியானம் வரை பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பார். பிறகு ஆறாவது மைக்ரோரயோன் குடியிருப்பில் தன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, உலகத்திலிருந்து வந்த திருத்தங்களை ஒரு வரி விடாமல் படிப்பார். அவருக்கு அவசரம் என்பதே கிடையாது. என் நிரல் ஒன்று, பக்க அடுக்கி என்று பெயர், அவர் மேஜையில் பத்தொன்பது மாதம் கிடந்தது. அலுவலக ஊழியர்கள் தங்கள் பக்கத்தைத் தாங்களே சுட்டியால் இழுத்து அடுக்கிக்கொள்ள உதவுவது. நான் என் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல வேலை அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் சேர்ந்து லக்மான் நூடுல்ஸ் சாப்பிடப் போவோம். அப்போது கேட்பேன்.

"அண்ணே, என்னோடத எப்பப் பாப்பீங்க?"

"உன் அரண்மனையையா? பாத்துக்கிட்டுத்தான்டா இருக்கேன். முன் ஹால் முடிஞ்சுது. இன்னும் நாப்பது ரூம் இருக்கு."

"ஒத்தையா எவ்வளவு நாள் இழுப்பீங்க? சாவிய எனக்கும் ஒண்ணு குடுங்க. பாதிச் சுமை குறையுமில்ல."

"சாவி ரெண்டு பேர் கையில இருந்தா, கதவத் தொறந்து போட்டது யாருன்னு கேட்டா ரெண்டு பேரும் அடுத்தவனக் கைகாட்டுவான். ஒருத்தன்கிட்ட இருந்தா அவன மட்டும் திட்டுனாப் போதும். திட்டுறதுக்கு வசதி."

சொல்லிவிட்டுச் சிரிப்பார். நூடுல்ஸ் சாறு மீசையில் ஒட்டியிருக்கும். நானும் சிரிப்பேன். எனக்குக் கோபம் வராது என்று முன்பே சொன்னேன்.

பாவெல் தற்செயலாகத்தான் பிறந்தான். ஒரு நாள் அலுவலகத்தில் வேலை இல்லாத நேரம். ப்ர்னோ நகரத்து டிராம் கம்பெனியில் கணினிப் பிரிவைக் கவனிக்கிற பாவெல் என்பவனாக, புது முகவரியிலிருந்து மடல் குழுவுக்கு நாலு வரி எழுதினேன். பக்க அடுக்கி எப்போது சேரும், எங்கள் ஊழியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். இரண்டே மணி நேரத்தில் எர்மெக் அண்ணன் ஒரு பக்கத்துக்குப் பதில் போட்டார். தாமதத்துக்கு மன்னிப்பு, எங்கே சிக்கல் இருக்கிறது என்ற விளக்கம், டிராம் கம்பெனியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்ற விசாரிப்பு. நான் பத்தொன்பது மாதமாக நேரில் கேட்டுக் கிடைக்காத பதில், முகம் தெரியாத பாவெலுக்கு இரண்டு மணி நேரத்தில் கிடைத்தது.

வலித்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் வலியைவிடப் பெரியதாக ஒன்று புரிந்தது. கூட இருப்பவனைக் காக்கவைக்கலாம், வெளியே இருப்பவரைக் காக்கவைக்கக் கூடாது என்பது அவர் சுபாவம். எஷிக்கின் விதிகளை எழுதியவரே அவர்தானே. அதில் ஆறாவது விதி உங்களுக்கு நினைவிருக்கும்: 'ஒரு நாளைச் சொல்லிவிட்டு அதைத் தள்ளிப்போட நேர்ந்தால், தள்ளிய பிறகு தெரிவிக்காதே, காத்திருப்பவரிடம் முதலில் கேள், அவர் சரி என்ற பிறகு தள்ளு.' உலகத்தில் வேறு எந்த மென்பொருள் கூட்டத்திலும் இப்படி ஒரு விதி இருக்காது. அவர் அதை வேதவாக்காக வைத்திருந்தார்.

பாவெலுக்குப் பிறகு ஜில்சன் வந்தான். பிரேசில்காரன், கொஞ்சம் வாய்த்துடுக்கு. 'இந்தத் திட்டம் உயிரோடு இருக்கிறதா, இல்லை எர்மெக் தூங்கிவிட்டாரா' என்று கேட்பான். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அதிகம் பேசமாட்டார்கள், பேசுகிறவனுக்கு ஆமாம் போடுவார்கள். ஒருவர் ஒரு பெயருக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று எஷிக் விதிகளில் எங்கும் இல்லை. நீங்கள் இப்போது சேர்த்திருக்கிறீர்கள், நல்லது. அப்போது இல்லை.

இதைச் சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். அவரவர் ஊரில் எப்போது விடியும், எப்போது அலுவலகம், எந்த நாள் விடுமுறை. பாவெல் காலையில் எழுதுவான், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் எழுதமாட்டான். ஜில்சன் கார்னிவல் வாரத்தில் காணாமல் போவான். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் தவறான நேரத்தில் பேசியதில்லை. எங்கள் பகுதியில் மின்வெட்டு வந்த அன்றெல்லாம் இவர்கள் எல்லோரும் சேர்ந்து மௌனமானார்கள் என்பதை மட்டும் நான் கவனிக்கவில்லை. சாய்கால் கவனித்திருக்கிறாள். யார் எப்போது எழுதினார்கள் என்று அவள் போட்டு அனுப்பிய கட்டத்தைப் பார்த்தேன், சுத்தமான வேலை.

நோக்கம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் களைத்துப்போக வேண்டும், 'என்னால் ஒருவனாக முடியவில்லை' என்று சொல்ல வேண்டும், சாவியின் இன்னொரு பிரதியை என்னிடம் தர வேண்டும். அவ்வளவுதான். அவருக்கும் ஓய்வு, எஷிக்குக்கும் ஆயுசு. யாருக்காவது இதில் கெடுதல் தெரிந்தால் சொல்லுங்கள்.

அவர் களைத்துத்தான் போனார். ஆனால் சாவியைத் தரவில்லை. பாலிடெக்னிக்கில் ஒரு வகுப்பைக் குறைத்துக்கொண்டார். சனிக்கிழமை லக்மானை நிறுத்தினார். ஒரு முறை வீட்டுக்குப் போயிருந்தேன். ஜிபெக் அண்ணி அடுப்படியிலிருந்து பேசியது இன்னும் காதில் இருக்கிறது.

"மேலிஸ், நீயாவது சொல்லேன்பா இவருக்கு. யாரோ பிரேசில்காரனாம், அவன் திட்டுறான்னு இவரு சோறு திங்காம உக்காந்திருக்காரு. நான் திட்டுனா மட்டும் காதுலயே விழாது."

"நீ திட்டுறது பழகிப்போச்சு ஜிபெக். அவன் புதுசு புதுசாத் திட்டுறான்."

நான் ஜில்சனைக் கொஞ்ச நாள் அடக்கிவைத்தேன். அண்ணனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது. இவரிடம் யாராவது அன்பாக நாலு வார்த்தை பேசினால் தேவலை என்று தோன்றியது. அப்படித்தான் டோரீனை உண்டாக்கினேன். அவளை மற்ற நாலு பேரோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். அவளைச் செய்தது முழுக்க முழுக்க அவர்மேல் இருந்த அக்கறையால்.

டோரீன் கனடாவின் கீழைக் கரையில், ஹாலிஃபாக்ஸில், நானூறு படுக்கை உள்ள ஒரு மருத்துவமனையில் கணினிப் பொறுப்பாளர். ஐம்பத்தெட்டு வயது. கணவர் இல்லை. எந்த நர்ஸுக்கு எந்த வார்டில் எப்போது வேலை என்ற பட்டியல் முழுக்க அங்கே எஷிக்கில்தான் ஓடுகிறது. 'நீங்கள் சும்மா கொடுத்த கதவு வழியாக எங்கள் மருத்துவமனையே நடமாடுகிறது, நன்றி' என்று முதல் கடிதம் எழுதினாள். மடல் குழுவுக்கு இல்லை, அவருக்குத் தனியாக. அவர் அன்றே பதில் எழுதினார். 'இந்த ஒரு வருஷத்தில் எனக்கு வந்த முதல் நன்றி இது' என்று எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு வாரத்துக்கு இரண்டு கடிதம் என்று ஆனது. எனக்குத் தெரியாத எர்மெக் ஒருவர் அந்தக் கடிதங்களில் இருந்தார். சின்ன வயதில் நாரினில் பனியில் வழி தவறி ஒரு நாள் முழுக்க ஒரு குதிரையின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர். முதல் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இறந்துபோனதை யாரிடமும் பேசாதவர். பதினொரு வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன், என்னிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் டோரீனாக ஆறுதல் வார்த்தைகள் தேடித் தேடி எழுதினேன். சில நாள் எழுதும்போது எனக்கே கண் கலங்கும். அவை பொய்யான வார்த்தைகள் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

இடையிடையே அவள் பக்குவமாகக் கேட்பாள்: 'நம்பிக்கையான ஒருவரிடம் சாவியைப் பகிர்ந்துகொண்டால் நீங்கள் கொஞ்சம் தூங்கலாமே?' அக்டோபரில் அதற்கு ஒரு பதில் வந்தது. 'மேலிஸ் என்று ஒரு பையன் இருக்கிறான். கொடுத்தால் அவனுக்குத்தான் கொடுப்பேன். அவன் கை சுத்தம். ஆனால் அவனுக்குள் ஏதோ அவசரம் ஓடுகிறது. அது அடங்கட்டும் என்று காத்திருக்கிறேன். வசந்தத்தில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். எங்கள் புத்தாண்டான நௌரூஸ் அன்று சொல்லி அவனை ஆச்சரியப்படுத்தப்போகிறேன்.'

நியாயமாகப் பார்த்தால் அன்றோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். உங்கள் கேள்வியும் அதுதான். எப்படி நிறுத்துவது என்று நீங்களே சொல்லுங்கள். பாவெல் ஒரு விவாதத்தின் நடுவில் இருந்தான். ஜில்சன் இரண்டு பதிலுக்குக் காத்திருந்தான். டோரீன் திடீரென்று எழுதுவதை விட்டால் அவர் உடைந்துபோவார். ஐந்து பேரையும் ஒரே நாளில் அனுப்பிவைக்க முடியாது. நௌரூஸுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது, நானும் கூடவே ஓடிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி கடைசியில் எஷிக்கில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அது நிஜமான ஓட்டை, நிஜமான ஆள் கண்டுபிடித்தது. கடவுச்சொல் இல்லாமலே உள்ளே நுழைந்துவிடலாம். எர்மெக் அண்ணன் வியாழக்கிழமைக்குள் திருத்தம் வரும் என்று மடல் குழுவில் நாள் சொன்னார். பாவெலும் ஜில்சனும் சத்தம் போட்டார்கள். அவர்கள் போடாமல் இருந்தால்தான் சந்தேகம் வரும். டோரீன் சத்தம் போடவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: 'பாதுகாப்புக்காக எங்கள் வாசலை மூடிவிட்டோம். நர்ஸுகள் பட்டியலைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வார்டு வார்டாக ஓடுகிறார்கள். தீவிர சிகிச்சையில் நேற்று ஒரு முறை ஆள் மாறிப்போனது. உங்களை அவசரப்படுத்தவில்லை. உதவிக்கு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் நல்லது என்று மட்டும் சொல்கிறேன்.'

கடைசி வரிக்காகத்தான் முழுக் கடிதமும். அவர் கடைசி வரியைப் படிக்கவில்லை போலிருக்கிறது. வார்டு வார்டாக ஓடுகிற நர்ஸுகளை மட்டும் படித்திருக்கிறார். பாலிடெக்னிக்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு நாள் மேஜையைவிட்டு எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு இருபதுக்கு டோரீனுக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. நான் அலுவலகத்தில் என் மேஜையில் இருந்தேன். அங்கிருந்து அவர் வீட்டுக்கு நடந்தால் கால் மணி நேரம்.

'அன்புள்ள டோரீன், உங்களிடம் ஓர் அனுமதி கேட்க வேண்டும். காலையிலிருந்து இடது கை மரத்துப்போகிறது. நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தமாதிரி இருக்கிறது. என் மனைவி மாலைதான் வருவாள், அவள் இருந்தால் என்னை இந்நேரம் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போயிருப்பாள். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு முறை படுக்கவைத்தால் இரண்டு நாளுக்கு விடமாட்டார்கள். திருத்தம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இன்று தருகிறேன் என்று நாள் சொன்னவன் நான். உங்கள் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். இரண்டு நாள் பொறுப்பீர்களா? சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், உடனே கிளம்பிவிடுகிறேன். அதுவரை முடிந்ததைச் செய்துகொண்டிருக்கிறேன்.'

நான்கே நிமிடத்தில் பதில் எழுதிவிட்டேன். தேதியையும் நேரத்தையும் நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். 'எர்மெக், இதைப் படித்தவுடன் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாங்கள் எத்தனை நாள் வேண்டுமானாலும் பொறுப்போம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.' இதைவிடத் தெளிவாக யாராலும் எழுத முடியாது.

ஆனால் ஹாலிஃபாக்ஸில் அப்போது மணி அதிகாலை இரண்டு இருபத்துநாலு. அங்கே எட்டு மணிக்குத்தான் டோரீன் அலுவலகம் வருவாள். வீட்டில் கடிதம் பார்க்கமாட்டாள் என்று அவளே அவருக்கு முன்பு எழுதியிருக்கிறாள். மூன்று வருஷத்தில் ஐந்து பேரில் யாரும் தவறான நேரத்தில் பேசியதில்லை. அந்த நேரத்தில் அவள் பதில் எழுதினால் அவர் யோசிப்பார். அவர் ஒவ்வொரு வரியாகப் படிக்கிற மனுஷர், ஒரு முறை யோசிக்க ஆரம்பித்தால் விடமாட்டார். டோரீன் இல்லை என்று தெரிந்தால் அந்த உடம்புக்கு அது என்ன செய்யும் என்பதையும் நான் யோசித்தேன். ஆகவே கடிதத்தை எட்டு ஐந்துக்குப் போகும்படி நேரம் குறித்து வைத்தேன். நம் நேரம் மாலை ஆறு ஐந்து.

103-க்கு அழைத்து ஆம்புலன்ஸ் அனுப்பியிருக்கலாமே என்று சாய்கால் கேட்டிருக்கிறாள். அழைப்பவர் பெயரைக் கேட்பார்கள், சாய்கால். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றும் கேட்பார்கள்.

நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஒரு மணிக்கு அவருக்குப் போன் செய்தேன், மேலிஸாக.

"அண்ணே, எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்டா. வேல ஓடுது."

குரல் தாழ்ந்திருந்தது. மூச்சு வாங்குவது கேட்டது.

"உடம்பு கிடம்பு சரியில்லையா? குரல் ஒரு மாதிரி இருக்கே."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. ஊர் பூரா ஒரே புகை, தொண்டை கட்டிக்கிச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"ஜிபெக் மாந்தி அவிச்சு வச்சிட்டுப் போயிருக்கா. ஆறிப்போய்க் கிடக்கு. அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் வேணா வரட்டுமா?"

"நீ வேண்டாம்டா. வந்தா உன் அரண்மனைக் கதையத்தான் ஆரம்பிப்ப. நான் ஒரு முக்கியமான பதிலுக்குக் காத்துக்கிட்டிருக்கேன். வந்ததும் கெளம்பிருவேன்."

"எங்க கெளம்புறீங்க?"

"சும்மா, வெளிய. போன வைடா."

அவர் என்னிடம் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நான் நேராகக் கேட்டேன், உடம்பு சரியில்லையா என்று. ஒன்றுமில்லை என்றார். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற, ஒரு தடவைகூடக் குரல் கேட்டிராத ஒரு பெண்ணிடம் நெஞ்சு வலிக்கிறது என்று எழுதத் தெரிந்தது. பதினொரு வருஷம் பக்கத்தில் இருந்தவனிடம் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லத் தோன்றியது. எனக்குச் சொல்லப்படாத ஒன்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாத ஒன்றுக்காக நான் எப்படி அவர் கதவைத் தட்டுவது? போனை வைத்தேன். டோரீன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சிரிக்காதீர்கள், அப்படித்தான் இருந்தது.

நேரம் குறித்த கடிதத்தை உடனே அனுப்ப ஒரு பொத்தான் போதும். மூன்று மணிக்கு ஒரு தடவை அதைத் திறந்து பார்த்தேன். ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். பிறகு மூடிவைத்தேன். நாலரைக்கு இன்னொரு தடவை திறந்தேன். ஹாலிஃபாக்ஸில் ஆறரை. சிலர் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார்கள். டோரீன் எழமாட்டாள். அவளுக்குக் காலையில் எழுவது சிரமம் என்று நான்தான் முன்பு எழுதியிருந்தேன்.

ஜிபெக் அண்ணி மத்தியான நேரப் பள்ளி முடிந்து ஐந்தே காலுக்கு வீட்டுக்கு வந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னதும் அடுத்து எனக்குத்தான் போன் செய்தார். பேச்சே இல்லை, வெறும் என் பெயர் மட்டும். நான் ஓடினேன். மெய்யாகவே ஓடினேன், பனியில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்தேன். போனபோது ஆம்புலன்ஸ்காரர்கள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உயிர் போனது மூன்று மணி, மூன்றரை இருக்கும் என்றார் ஒருவர். எர்மெக் அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தார். மேல்கோட்டுப் போட்டிருந்தார். தொப்பி மடியில் இருந்தது. எதிரில் கடிதப் பெட்டி திறந்தபடி இருந்தது. கிளம்பத் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

ஆறு ஐந்துக்கு மேஜைமேல் கணினி மணி அடித்தது.

அண்ணி திரும்பிப் பார்த்தார். "யாரோ எழுதியிருக்காங்க. மேலிஸ், எனக்கு இங்கிலீஷ் வராது. என்னன்னு படிச்சுச் சொல்லு."

படித்துச் சொன்னேன். எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் பொறுப்போம் என்கிறார்கள். மேலே இருந்த அவருடைய கடிதத்தையும் படிக்கச் சொன்னார். அதையும் படித்தேன்.

அண்ணி அவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிறகு சொன்னார்: "நல்ல பொம்பள. மனசார எழுதியிருக்கா. இன்னும் கொஞ்சம் சீக்கிரம் முழிச்சிருக்கக் கூடாதா அவ?"

"அங்க இப்பத்தான் விடியுது அண்ணி," என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். சாவி என்னிடம் வந்தது, வேறு யாரும் இல்லையே. மீதிக் கால்வாசித் திருத்தத்தை நான்தான் முடித்து வெளியிட்டேன். ஐந்தாம் பதிப்பில் பக்க அடுக்கியும் சேர்ந்தது. பாவெலும் ஜில்சனும் நன்றி சொல்லிவிட்டு மெல்ல ஒதுங்கிக்கொண்டார்கள். டோரீனை மட்டும் அனுப்ப முடியவில்லை. நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த அன்று அண்ணி என்னைக் கூப்பிட்டு, "அந்தம்மாவுக்கு என் பேரால ஒரு கடிதம் எழுதிக் குடு மேலிஸ். உங்க மேல தப்பில்ல, நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க, மனசப் போட்டு உழப்பிக்காதீங்கன்னு எழுது" என்றார். எழுதினேன். பதிலும் எழுதினேன். அன்றிலிருந்து மாதம் இரண்டு கடிதம் போய் வருகிறது. ஜனவரியில் அண்ணனின் வருஷ நினைவு விருந்துக்குக் குதிரை அடிக்கப்போவதாகவும், டோரீன் வந்து தன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றும் அண்ணி அழைத்திருக்கிறார். முழங்கால் வலியால் நீண்ட பயணம் முடியாது என்று டோரீன் வருத்தத்தோடு எழுதியிருக்கிறாள். அந்தக் கடிதம் அண்ணிக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். இந்த வாக்குமூலத்தை அவரிடம் காட்டுவதற்கு முன் அதை ஒரு தரம் யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். காட்டினால் அவருக்கு இருக்கிற ஒரே தோழியும் போய்விடுவாள். அந்தப் பாவம் என் தலையில் விழாது.

நீங்கள் அனுப்பிய படிவத்தில் கடைசிக் கட்டம் ஒன்று மிச்சம் இருக்கிறது. எந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எதையும் மறைக்கவில்லை, எழுதிவிடுகிறேன். எர்மெக் அண்ணன் உயிரோடு இருந்த கடைசி இரண்டரை மணி நேரமும் அவரைப் பிழைக்கவைக்கும் கடிதம் என் கையில் இருந்தது. நான் அனுப்பவில்லை. அவர் அதற்காகவே கோட்டுப் போட்டுக்கொண்டு காத்திருந்து செத்தார். கொன்றது நான்தான் என்று எழுத வேண்டுமானால், மேலிஸ் ஆகிய நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை மட்டும் அண்ணிக்குச் சொல்லிவிடுங்கள். கை மரத்துப்போகிறது என்ற அந்தக் கடிதத்தை அவர் எனக்கு எழுதவில்லை.